முன் என்றால் எந்தப் பக்கம்

என்னை விட்டுப் போகலாமா வேண்டாமா என்று என் மனைவி யோசித்துக்கொண்டிருந்த ஆண்டில், நான் சேற்றை அளந்துகொண்டிருந்தேன். அவள் யோசித்தது அவளுக்கு மட்டும் தெரியும். நான் சேற்றை அளந்தது ஊருக்கே தெரியும். பிலிமத்தலாவையில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் கீழே பலசரக்குக் கடை வைத்திருந்தவர் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "சேர் இன்னைக்கும் வயலுக்கா?" என்று கேட்பார். வயலுக்கு இல்லை, பூமியின் பழைய காலநிலையைத் தேடிப் போகிறேன் என்று ஒருநாள் நின்று நிதானமாக விளக்கினேன். அதன் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

வாசிப்பவர்களும் அப்படி எழுந்து போய்விடக் கூடாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மலைநாட்டுச் சதுப்பு நிலங்களில் சேறு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே இருக்கிறது. ஒரு குழாயை நேராக இறக்கி மெல்ல இழுத்தால், உள்ளே ஒரு நீளமான சேற்றுத் துண்டு வரும். அதன் மேல்நுனி அண்மைக் காலம், அடிநுனி பல ஆயிரம் ஆண்டு பழசு. நல்ல மழைக் காலத்தில் படிந்த சேறு கறுப்பாக இருக்கும், வறண்ட காலத்துச் சேறு வெளிறி இருக்கும். சில இடங்களில் அந்தக் கறுப்பு ஒரு விரல் அகலத்துக்குள் வெளிறிப் போய்விடும். அன்று அங்கே வாழ்ந்த யானைக்கும் தவளைக்கும் மழை திடீரென்று கையை விரித்துவிட்டது என்று பொருள். அப்படிக் கையை விரிப்பதற்கு முன் வானம் ஏதாவது சாடை காட்டியதா என்று தேடுவது என் தொழில்.

எங்கள் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப அலுவலர் கெலிஓயாக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்த முஸ்லிம் என்பதால், அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்லும் நானா என்ற சொல்லால்தான் கூப்பிடுவேன். அவர் என்னை சேர் என்பார். அந்தச் சொல்லில் மரியாதை கொஞ்சமும் கிண்டல் நிறையவும் இருக்கும். 'இருக்கிறது' என்பது அவர் பேச்சில் 'ஈக்கி' ஆகிவிடும், வினைச்சொற்களின் வாலையும் விழுங்கிவிடுவார். குழாயிலிருந்து சேற்றைத் தள்ளி எடுப்பது மூங்கில் குழலிலிருந்து புட்டைத் தள்ளுவதைப் போல இருப்பதால், அந்தச் சேற்றுத் துண்டுக்குப் புட்டு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். "சேர், மூணாம் புட்டை வெட்டவா?" என்று அவர் கேட்கும்போது புதிதாக வந்த மாணவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

என்ன சாடையைத் தேடுகிறோம் என்று முதல் வாரமே நானா கேட்டார். அவருடைய வாப்பாவின் கடையில் இருந்த பழைய தராசை வைத்து விளக்கினேன். நல்ல தராசை விரலால் இலேசாகத் தட்டினால் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நடுவுக்கு வந்துவிடும். அச்சுத் தேய்ந்த தராசு அப்படி வராது. தட்டினால் போன பக்கமே நின்று, யோசித்து, மெல்ல மெல்லத்தான் திரும்பும். ஒருநாள் திரும்பாமலே சாய்ந்துவிடும். காலநிலையும் அப்படித்தான் என்பது எங்கள் எண்ணம். ஓர் ஆண்டு மழை பொய்க்கும், ஓர் ஆண்டு கூடிவிடும். நல்ல நாளில் இரண்டொரு ஆண்டில் எல்லாம் பழையபடி ஆகும். பெரிய மாற்றம் நெருங்க நெருங்க, சின்னத் தட்டலில் இருந்து மீளவே அதற்கு நாள் பிடிக்கும். அந்தத் தாமதம்தான் சாடை.

நானா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "விளங்கின. அவ்வளவு காலத்துக்கு முந்தி அடிச்ச மணிய இப்பப் போய்க் கேக்கப் போறோம். நல்ல வேல சேர். யாரும் வந்து ஏன் பிந்தினீங்க என்டு கேக்க ஏலாது."

இனி வீட்டுக் கதை. என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். நான் கண்டி நகரத்துக்காரன். கல்யாணமான புதிதில் எங்கள் சண்டைகள் பெரும்பாலும் மொழியில்தான் தொடங்கும். சீக்கிரம் வரச் சொல்லி அவள் "கெதியா வாங்கோ" என்பாள், நான் "இந்தா வர்றேன்" என்பேன், அவள் அரை மணி நேரம் வாசலில் நிற்பாள். 'இந்தா' என்றால் உங்கள் ஊரில் எத்தனை நிமிடம் என்று கேட்டு அதற்கு ஒரு சமன்பாடு எழுதித் தரச் சொன்னாள். காலையில் பிடித்த சண்டை மாலையில் நான் படியேறும்போது இருக்காது. உள்ளேயிருந்து "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்கும். அதோடு முடிந்தது.

பிறகு ஆய்வுகூடத்தில் மின்சாரம் அடிக்கடி போன ஒரு மாதத்தில், சேற்று மாதிரிகளைச் சின்னக் குப்பிகளில் அடைத்து வீட்டுப் பிறிட்ஜில் வைத்தேன். குப்பி ஒவ்வொன்றிலும் எண் ஒட்டியிருந்தேன், கைபடக் கூடாது என்றும் எழுதியிருந்தேன். அவள் வைத்திருந்த மீன்குழம்புச் சட்டியை எடுத்து வெளியே வைத்ததை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். குழம்பு பழுதாகிவிட்டது. அந்தச் சண்டை ஆற இரண்டு நாள் எடுத்தது. குழம்பு நல்ல குழம்பு, அதனால் இரண்டு நாள் நியாயம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது, அவள் பாடசாலைப் படியில் மழையில் வழுக்கி விழுந்து, கை முறிந்து கட்டுப் போட்ட நாள். எனக்கு ஐந்து முறை போன் எடுத்திருக்கிறாள். நான் இடுப்பளவு சதுப்பில் நின்றேன், போன் கரையில் பையில் கிடந்தது. அவள் பேச ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு ஒருநாள் அவளுடைய குடையை பஸ்சில் விட்டுவிட்டு வந்தேன். சாதாரணக் கறுப்புக் குடை, பிடியில் ஒரு பக்கம் உடைந்தது. அதற்குப் பத்து நாள்.

இங்கேதான் என் புத்திக் கூர்மையைப் பார்க்க வேண்டும். கை முறிந்தபோது ஒரு வாரம், குடை தொலைந்தபோது பத்து நாள் என்றால், அந்தக் குடை அவளுக்கு மிகவும் பிரியமானதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கண்டிக்குப் போய் ஒன்றுக்கு இரண்டாகக் குடை வாங்கி வந்தேன். அவள் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அலுமாரிக்குள் வைத்தாள். அப்போது அவளுடைய கைப்பையில் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்கும் படிவம் நிரப்பியபடி இருந்திருக்கிறது. அதை நான் பின்னால் அறிந்தேன்.

குடைக்குப் பிறகு சண்டையே இல்லை. நான் பிந்தி வந்தால், சோறு மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆய்வுகூடத்துக்குப் போகிறேன் என்றால், "ஓம்" என்பாள். வீட்டில் இப்படி ஓர் அமைதி வந்துவிட்டதே என்று நானாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஊட்டுல சத்தமே இல்லயா சேர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்த அமைதியான காலத்தில்தான் நாங்கள் நான்கு புட்டுகளை எடுத்தோம். ஒரே துளையில், மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குழாய்களில் மேல்பக்கம் எது என்று காட்ட முன்னதாகவே பேனையால் அம்புக்குறி போட்டிருந்தோம். மூன்றாவதை வெளியே இழுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மலைநாட்டு மழை, ஐந்து நிமிடத்தில் எங்களையும் அம்புக்குறியையும் கழுவிவிட்டது. இரண்டு நுனியும் நுனியாகவே தெரிந்தன. எனக்கு மட்டும் எந்த நுனி அடியிலிருந்து வந்தது என்று நினைவிருந்தது, ஏனென்றால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். சட்டைக்குள் இருந்த வெள்ளை ஒட்டுநாடாவைக் கிழித்து, குமிழ்முனைப் பேனையால் ஒரு பக்கம் முன் என்றும் மறுபக்கம் பின் என்றும் எழுதி ஒட்டினேன். எங்கள் பேராசிரியருக்குத் தமிழ் வாசிக்க வராது. நானாவும் நானும் எங்களுக்குள் எழுதிக்கொள்வது எப்போதும் தமிழில்தான்.

ஆய்வுகூடத்தில் நானா நான்கையும் நீளவாக்கில் வெட்டி மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஸ்கேனரில் ஓடவிட்டு நிறத்தை அளந்தோம். கணினியில் கோடு விழுந்தபோது எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. அடியிலிருந்து மேலாகப் பார்த்தால், கறுப்பு திடீரென்று வெளிறுகிறது. பிறகு திடீரென்று கறுக்கிறது. மறுபடியும் திடீரென்று வெளிறுகிறது. ஒன்றைத் தேடிப் போனவனுக்கு மூன்று திடீர் மாற்றங்கள். அதைவிட அதிசயம், மூன்றில் ஒன்றுக்குக்கூட முன்னறிகுறி இல்லை. நான் தேடிய அந்தத் தாமதம், தட்டினால் திரும்ப நாளெடுக்கும் அந்தத் தளர்வு, ஓரிடத்தில் மட்டும் தெளிவாக இருந்தது. அதுவும் நடு மாற்றம் நடந்து முடிந்த பிறகு. மாற்றத்தை ஒட்டி அதிகமாக இருந்து, போகப் போகக் குறைந்து சரியாகியிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை போதுமாக இருந்தது. அடி விழுந்த பிறகு நிலம் மெல்லத் தேறியிருக்கிறது. தளர்வு என்பது அதிர்ச்சியின் பின்விளைவு. அது எச்சரிக்கையே இல்லை. எத்தனையோ பேர் உலகெங்கும் எச்சரிக்கை எச்சரிக்கை என்று எழுதிக்கொண்டிருக்க, பெரிய மாற்றம் ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து நிற்கும் என்று கண்டியிலிருந்து ஒருவன் காட்டப் போகிறான். மூன்று மாற்றங்களில் இரண்டு, சரியாக ஒரு குழாய் முடிந்து அடுத்த குழாய் தொடங்கும் இடத்தில் வந்திருந்தன. அது கண்ணில் பட்டது. இணைப்பில் கொஞ்சம் சேறு விடுபட்டிருக்கும் என்று எழுதிவிட்டு மேலே போனேன்.

வியாழக்கிழமை காலை துறைக் கூட்டத்தில் பேச வேண்டும். புதன்கிழமை மாலை, வீட்டில் மனைவியை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். அவள் பரீட்சைத் தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே கேட்டாள். நான் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். முடிக்கும்போது, "ஆகவே பெரிய மாற்றங்கள் அறிவித்துவிட்டு வருவதில்லை" என்று ஒரு நிறுத்தம் விட்டுச் சொன்னேன்.

அவள் சிவப்புப் பேனையை மூடினாள். "இஞ்சேருங்கோ, அப்ப ஒரு சாடையும் காட்டாமலே எல்லாம் மாறிப் போகுமோ?"

"ஒண்ணுமே காட்டாது."

"பாக்கிற ஆள் வடிவாப் பாத்தாலும்?"

"யாரு பாத்தாலும் தெரியாதும்மா. அதுதான் கண்டுபிடிப்பு."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

"நூத்துக்கு நூறு" என்றேன்.

அவள் திரையிலிருந்த என் வரைகோட்டைப் பார்த்தாள். "அப்ப நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தாள்களை எடுத்தாள். என் பேச்சு அவளை அசைத்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாகத் தூங்கினேன். அசைத்துத்தான் இருந்தது. இடமாற்றம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதை ஏற்பதா விடுவதா என்று அவள் வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கூட்டம். எட்டு மணிக்கு நான் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தபோது, நானா மூன்றாம் புட்டின் மேல் குனிந்து நின்றார். வயது கணிக்க அனுப்புவதற்காகத் தாவரத் துண்டு ஏதாவது கிடைக்குமா என்று ஊசியால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சேர், ஒரு சின்னக் கேள்வி. அந்தக் காலத்துல புல்லு எல்லாம் எப்படி வளர்ந்த?"

"இப்ப வளர்ற மாதிரித்தான்."

"வேரு கீழயா போற, மேலயா போற?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெரிதாக்கும் கண்ணாடியை என் கையில் தந்தார். கறுப்புச் சேற்றுக்குள் நூல்போல ஒரு வேர் தெரிந்தது. ஒரு தண்டாகத் தொடங்கி இரண்டாகப் பிரிந்து, பிறகு நான்காகப் பிரிந்து போயிருந்தது. பிரிந்த நுனிகள் எல்லாம் மேல்பக்கம் இருந்தன. பக்கத்தில் இன்னொன்று, அதுவும் அப்படியே. அந்தச் சதுப்பில் அந்தக் காலத்துப் புல் எல்லாம் வானத்தில் வேர்விட்டு நின்றிருக்கிறது.

"மூணாம் புட்டு தலகீழா ஈக்கி சேர்" என்றார் நானா.

எனக்கு முதலில் வந்தது கோபம். "நான்தான் எழுதி ஒட்டுனேனே நானா. நீங்க பாக்கலையா?"

அவர் மேசை லாச்சியைத் திறந்து, காய்ந்துபோன அந்த ஒட்டுநாடாத் துண்டுகளை எடுத்து வைத்தார். எறியாமல் வைத்திருந்தார். "முன் என்டு எழுதி ஈக்கி. முன் என்டா முன்பக்கம். அதத்தான் நான் மேல வெச்ச."

"முன் என்டா முற்காலம் நானா! பழசு. அடியில இருக்கிறது."

"முற்காலமா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பஸ்சுல கொண்டக்டர் முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க என்டு கத்துறாரே. நீங்க எங்க சேர் போற? அரசர் காலத்துக்கா?"

அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. நேற்றைக்கு முன் என்றால் பழைய நாள். வீட்டுக்கு முன் என்றால் கண்ணெதிரே நிற்கும் பக்கம். நடந்து போனதையும் எதிரில் நிற்பதையும் ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டு இத்தனை காலம் நாம் தடுமாறாமல் இருந்ததே பெரிய விஷயம். மழையில் நனைந்துகொண்டு சேற்றுக் குழாயில் எழுதும் சொல் அது இல்லை என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது.

கூட்டத்துக்கு அரை மணி நேரம் இருந்தது. கணினியில் மூன்றாம் புட்டை மட்டும் திருப்பிப் போட்டேன். இணைப்புகளில் இருந்த இரண்டு திடீர் மாற்றங்களும் காணாமல் போயின; இரண்டாவதோடும் நான்காவதோடும் நிறம் பிசகாமல் பொருந்தியது. மிஞ்சியது ஒரே ஒரு மாற்றம். கறுப்பு வெளிறிய இடம். அதற்குப் பிறகு என்று நான் நினைத்த அந்தத் தளர்வு, இப்போது அதற்கு முன்னால் நின்றது. முதலில் சின்னதாக, போகப் போகக் கூடி, மீள எடுக்கும் காலம் நீண்டு நீண்டு, கடைசியில் விழுந்திருந்தது. எச்சரிக்கை இருந்திருக்கிறது. நீளமாக, தெளிவாக, பொறுமையாக இருந்திருக்கிறது. நான்தான் அதைத் தலைகீழாகப் பிடித்து, அடிபட்டதன் வலி என்று பெயர் வைத்திருந்தேன்.

நானா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "அப்ப சாடை காட்டித்தான் ஈக்கி" என்றார்.

கூட்டத்தில் இன்று பேச்சு இல்லை, ஒரு தவறு நடந்துவிட்டது என்று சொன்னேன். பேராசிரியர் நல்ல மனிதர், தலையாட்டினார். பெருமை போனது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்று உறுத்தியது. அது என்ன என்று பகல் முழுக்கப் பிடிபடவில்லை. மாலை பிலிமத்தலாவை பஸ்சில் நெரிசலில் நின்றுகொண்டு வரும்போது பிடிபட்டது. மீன்குழம்புக்கு இரண்டு நாள். முறிந்த கைக்கு ஒரு வாரம். உடைந்த பிடியுள்ள ஒரு குடைக்குப் பத்து நாள். அதன் பிறகு அமைதி. நான் அத்தனையையும் நடந்து முடிந்த சண்டைகளின் மிச்சம் என்று கணக்கில் எடுத்திருந்தேன். எனக்குப் பயம் வந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்கி, நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று முட்டாள்தனமாக நடந்தேன்.

அவள் சாப்பாட்டு மேசையில் இருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே போனேன்.

"குடை தொலைஞ்சப்ப, குடைக்காகவா கோபமா இருந்த?"

"குடையோ?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட சிரிப்பு, அது நல்ல சிரிப்பாக இல்லை. "அந்தக் குடையை நானே எறிய இருந்தனான்."

"அப்ப பத்து நாள்?"

அவள் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீங்கள் நான் கோவிச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டு நினைச்சியள். நான் கோவிக்கேல்லை. உங்களிட்டைத் திரும்பி வரப் பாத்துக்கொண்டு இருந்தனான். முந்தி ஒரு பின்னேரத்துக்குள்ளை வந்திடுவன். பேந்து ரெண்டு நாள் எடுத்துது. பேந்து ஒரு கிழமை. ஒவ்வொரு தரமும் தூரம் கூடிக்கொண்டே போச்சு. இப்ப வரேலுமோ எண்டே எனக்குத் தெரியேல்லை."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். இதை எத்தனையோ முறை படம் போட்டு மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரு பெண் தன் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகத் துக்கமாக இருந்தது. கவிழ்த்து வைத்த தாள் அந்தப் பதில் கடிதம்தான் என்று சொன்னாள். இடமாற்றம் கிடைத்ததைச் சொன்னாள். நேற்று நான் பேசியதைக் கேட்டபோதுதான் முடிவு செய்தாளாம்.

"யார் பாத்தாலும் தெரியாது எண்டு நீங்கள் அவ்வளவு சந்தோஷமாச் சொன்னியள். அப்ப இஞ்ச இருந்து என்ன பிரியோசனம் எண்டு யோசிச்சன்."

"அது பிழை" என்றேன். "புட்டைத் தலைகீழா வச்சிட்டோம்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டுநாடா, கொண்டக்டர், வானத்தில் வேர்விட்ட புல். கணித ஆசிரியை அல்லவா, நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். இணைப்பிலேயே இரண்டு மாற்றம் வந்தால் இணைப்பைத்தானே முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றாள். பிறகு நான் போகாதே என்றேன். மூன்று தரம் சொன்னேன்.

"போகத்தான் போறன்" என்றாள். "ஒரு பள்ளிக்கூடத் தவணை அங்க இருந்து பாக்கிறன். திரும்பி வர மனம் வருகுதோ எண்டு இஞ்ச இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. அது வந்தால் வருவன். வராட்டி உங்களுக்கு நேராச் சொல்லுவன். சாடை காட்டிக்கொண்டு இருக்க மாட்டன்."

ஜனவரியில் ஒரு காலை, கண்டி குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் அவளை யாழ்ப்பாண பஸ்சில் ஏற்றிவிடப் போனேன். இடையில் வந்த வாரங்களில் நாங்கள் நிறையப் பேசியிருந்தோம், நன்றாகவும் பேசியிருந்தோம். ஆனால் அவள் மனம் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அன்று எப்படியாவது உதவியாக இருந்துவிட வேண்டும் என்ற வேகத்தில், அவளுடைய பைகளை எல்லாம் நானே தூக்கிக்கொண்டு ஓடி, பஸ்சின் அடியிலுள்ள சாமான் அறைக்குள் அடுக்கி, கதவைப் பூட்டவும் வைத்துவிட்டேன். அதில் ஒன்று அவள் மடியில் வைத்திருக்க எடுத்த பை. தண்ணீர்ப் போத்தல், மருந்து, வழியில் வாசிக்க எடுத்த புத்தகம் எல்லாம் அதற்குள்.

"ஆரிட்டைக் கேட்டனீங்கள் அதை உள்ளுக்கு வைக்க?" என்றாள். முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு சொல்லுக் கேக்கக் கூடாதே? எல்லாம் உங்கட பாட்டுக்குத்தான் செய்வியளோ? கடைசி நாளும் இப்பிடியே?"

கொண்டக்டர் மறுபடியும் கதவைத் திறக்க மாட்டேன் என்றார். சாரதி ஏறிவிட்டார். அவள் யன்னலை இழுத்து மூடினாள். பஸ் பின்னுக்கு வந்து, திரும்பி, நிலையத்தை விட்டு வெளியேறியது. நான் கையைத் தூக்கினேன். அவள் பார்க்கவில்லை. இனி எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கினேன். பத்தைத் தாண்டினால் என்ன செய்வது, ஒரு மாதம் ஆனால் என்ன செய்வது, பேசவே மாட்டாளோ என்று அந்த இடத்திலேயே நின்றேன். ஒரு முச்சக்கர வண்டிக்காரர் இரண்டு முறை ஹோர்ன் அடித்து என்னை ஓரமாக்கினார்.

போன் அடித்தது.

"நான்தான்" என்றாள்.

"என்னாம்மா? பைய இறக்கணுமா? எங்க வந்திருக்கீங்க?"

"கட்டுகஸ்தோட்டைப் பாலம் இன்னும் வரேல்லை" என்றாள். அந்தப் பாலம் நிலையத்திலிருந்து கால் மணி நேரம்கூட இல்லை. "கோவம் போயிட்டுது. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

அத்தனை சனத்துக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.